சிறிய பாய்மரப் படகின் டிரெய்லருக்கு எந்த பிரேக்?

4 மார்ச் 2023, ஒரு வாசகரின் கேள்வி

மெல்பர்னில் இருக்கிறேன். ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பழைய பாய்மரப் படகு ஒன்றை டிரெய்லரோடு சேர்த்து வாங்கியிருக்கிறேன். டிரெய்லரில் பிரேக் இல்லை. "படகு வெறும் 550 கிலோதான், 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் தேவையில்லை" என்று விற்றவர் சொன்னார். இது சரிதானா? போட்டே ஆக வேண்டும் என்றால் எதைப் போடுவது? கேபிள், ஹைட்ராலிக், எலக்ட்ரிக் என்று கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு பதில் கிடைக்கிறது.

4 மார்ச் 2023, இரவு, என் பதில்

விற்றவர் சொன்னது படகின் எடையை. சாலையில் உருளப்போவது படகு மட்டுமா?

என் கணக்கைச் சொல்கிறேன். ஆறு மீட்டர் படகு. வாங்கியபோது காகிதத்தில் இருந்த எடை 640 கிலோ. டிரெய்லர் 290. அவுட்போர்டு எஞ்சின் 27, பேட்டரி 20, நங்கூரமும் சங்கிலியும் கயிறும் 25, பாய்மரமும் பாய்களும் 60, பெட்ரோலும் குடிநீரும் 45, உதிரிச் சக்கரமும் கருவிப்பெட்டியும் 35. கூட்டினால் 1,142. எடைமேடையில் ஏற்றியபோது 1,140 காட்டியது. காகிதத்தில் இருந்த 640 எங்கே, இது எங்கே?

எனவே பிரேக்கைப் பற்றிப் பேசும் முன் எடைமேடைக்குப் போங்கள். குப்பை கொட்டும் நிலையங்களிலும் மணல், சரளை விற்கும் இடங்களிலும் இருக்கும். படகில் வழக்கமாக ஏற்றும் அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காலிப் படகை எடை போட்டுப் பயனில்லை.

5 மார்ச் 2023

நேற்று எழுதியதில் ஒரு தவறு. 1,140-ஐ நீங்கள் 750-உடன் ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதிவிட்டேன். ஆஸ்திரேலிய விதி பார்ப்பது ஜிடிஎம் என்ற எண்ணை. டிரெய்லர் காரோடு கோத்திருக்கும் நிலையில் அதன் சக்கரங்கள் தரையில் இறக்கும் எடை அது. ஏடிஎம் என்பது கழற்றி நிற்கும்போது உள்ள முழு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் காரின் கொக்கி உருண்டைமீது அமரும் பாரம். என்னுடையதில் அது 80 கிலோ. ஆகவே சக்கரங்களில் 1,060.

இன்னொன்று. சட்டம் பார்ப்பது இன்று நீங்கள் ஏற்றியிருக்கும் எடையை அல்ல, டிரெய்லரின் தகட்டில் பொறித்திருக்கும் அதிகபட்ச எண்ணை. தகட்டில் 750 என்று இருந்து மேடையில் 900 வந்தால், பிரேக் இல்லாத குறையோடு அளவுக்கு மீறிய பாரமும் சேர்ந்துகொள்கிறது.

விதி சுருக்கமாக: ஜிடிஎம் 750 கிலோ வரை ஒற்றை அச்சு டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் 2,000 கிலோ வரை ஓர் அச்சின் சக்கரங்களிலாவது பிரேக் வேண்டும். 2,000-ஐத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் வேண்டும். இந்த மூன்றாம் வகுப்பில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தும் இயக்க முடிய வேண்டும். அதே வகுப்பில், டிரெய்லர் பிய்த்துக்கொண்டு போனால் பிரேக் தானாகப் பிடித்து 15 நிமிடமாவது விடாமல் நிற்க வேண்டும். நம்முடைய படகுகள் எல்லாம் அநேகமாக நடு வகுப்பில்தான் விழும்.

காரின் கையேட்டையும் பாருங்கள். இழுவைக்கு இரண்டு எண்கள் இருக்கும், பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று. இரண்டாவது எண் மிகச் சிறியது. பலர் முதல் எண்ணைப் பார்த்துத் திருப்தியடைந்து கையேட்டை மூடிவிடுகிறார்கள்.

5 மார்ச் 2023, மாலை

"சட்டம் கேட்காவிட்டால் போடாமல் விடலாமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். என் கார் 1,650 கிலோ. பிரேக் இல்லாத 1,140 கிலோ டிரெய்லரை மாட்டினால் காரின் நான்கு பிரேக்குகளும் 2,790 கிலோவை நிறுத்த வேண்டும். வறண்ட சமதளச் சாலையில் எப்படியோ சமாளிக்கும். மழையில், இறக்கத்தில், முன்னால் போகும் கார் திடீரென்று நிற்கும்போது, பின்னாலிருந்து முட்டுகிற அந்த ஒரு டன் காரின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கும். எனக்கு இது ஒருமுறை நடந்தது. இரவல் வாங்கிய டிரெய்லர், சிறிய படகு, ஈரச் சாலை. யாருக்கும் அடிபடவில்லை. முன்னால் நின்ற காரின் பின்கண்ணாடி வழியாக இரண்டு குழந்தை இருக்கைகள் தெரிந்தன. அந்தக் கண்ணாடியிலிருந்து ஒன்றரை மீட்டரில் நின்றேன்.

700 கிலோவானாலும் போடுங்கள் என்பதே என் பதில்.

9 மார்ச் 2023

இப்போது கேள்வியின் இரண்டாம் பகுதி.

சிறிய படகு டிரெய்லர்களில் பரவலாக இருப்பது ஓவர்ரைடு பிரேக். கார் வேகம் குறைக்கும்போது டிரெய்லர் தன் ஓட்டத்தில் முன்னால் முட்டும். கொக்கியைப் பிடிக்கும் கப்ளிங் இரண்டு துண்டாக இருக்கும். ஒன்று மற்றொன்றுக்குள் சறுக்கும். அந்தச் சறுக்கலே பிரேக்கை இயக்குகிறது. கார் எவ்வளவு பலமாக நிற்க முயல்கிறதோ அவ்வளவு பலமாக டிரெய்லர் முட்டும், அவ்வளவு பலமாகப் பிரேக்கும் பிடிக்கும். கம்பி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், காருக்குள் எதையும் பொருத்த வேண்டாம். எந்தக் காரில் மாட்டினாலும் வேலை செய்யும்.

அந்தச் சறுக்கல் சக்கரத்தை எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதில்தான் கேபிளும் ஹைட்ராலிக்கும் பிரிகின்றன. கேபிள் வகையில் எஃகு வடம் காலிப்பரின் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பக்கமும் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் இடுக்கி அது) நெம்புகோலை இழுக்கிறது. ஹைட்ராலிக்கில் கப்ளிங்கின் மேல் ஆயிலை அழுத்தும் ஒரு மாஸ்டர் சிலிண்டர். பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தம் போகிறது.

என்னுடையது கேபிள் டிஸ்க். 2016-இல் படகோடு வந்தது, இன்றும் ஓடுகிறது. ஒழுக எதுவுமில்லை, காற்று புக எதுவுமில்லை, ஒரு ஸ்பேனர் போதும். கேபிள் போடுங்கள் என்றுதான் சொல்வேன்.

டிரம், அதாவது மூடிய உருளைக்குள் பிடிக்கும் பிரேக், வேண்டாம். கடல்நீர் டிரம்முக்குள் போனால் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே உட்காரும். டிஸ்க் திறந்து கிடக்கிறது. தோட்டத்துக் குழாயைப் பிடித்துக் கழுவினால் உப்பு போய்விடும்.

10 மார்ச் 2023

எலக்ட்ரிக் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கேரவன் என்னும் சாலை வீடுகளை இழுப்பவர்கள் அதைப் புகழ்வது சரிதான். காருக்குள் இருந்து டிரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகப் பிடிக்க முடியும். டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அது உயிர்காக்கும். ஓவர்ரைடில் அது முடியாது. ஆனால் எலக்ட்ரிக் பிரேக் என்பது காந்தச் சுருளும் கம்பிகளும் அடைத்த டிரம். அதைக் கடல்நீரில் முக்குவதை நினைத்துப் பாருங்கள். பிரேக் ஹைட்ராலிக்காகவே இருந்து, அழுத்தம் தரும் மின்பம்ப் மட்டும் நீர் எட்டாத உயரத்தில் இருக்கும் கலவை வகையும் உண்டு. நல்லது, விலை அதிகம். இரண்டு டன்னுக்குக் கீழே அதை வாங்கச் சொல்ல மாட்டேன்.

18 மார்ச் 2023

அலுமினிய மீன்பிடிப் படகு வைத்திருக்கும் ஒருவர், "நாங்கள் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) நனையாமலே இறக்குகிறோமே, நீங்கள் ஏன் இவ்வளவு உப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தட்டையான படகுக்குக் கொஞ்சம் நீர் போதும், டிரெய்லரிலிருந்து சறுக்கியே இறங்கிவிடும். பாய்மரப் படகுக்கு அடியில் நடுப்பலகையோ அடிக்கட்டையோ இருக்கிறது. அதனால் டிரெய்லரில் உயரமாக உட்கார்ந்திருக்கும். அது மிதக்க டிரெய்லரை ஆழமாக உள்ளே விட வேண்டும். எங்கள் சக்கரங்கள் முழுதாக மூழ்குகின்றன. படகு இறக்கும் சரிவு தட்டையாக இருந்தால் காரின் பின்சக்கரமும் நனையும்.

இரண்டாவது காரணம் நமக்கே உரியது. மீன்பிடிப் படகு வாரந்தோறும் சாலையில் ஓடும். பாய்மரப் படகின் டிரெய்லர் வருடத்தில் எட்டுப் பத்து முறை ஓடினால் அதிகம். மீதி நாளெல்லாம் உப்போடு நிற்கும். உப்புநீரில் முங்கி எழுந்து மூன்று மாதம் அசையாமல் நின்ற பிறகும் பிடிக்கவும் விடவும் தெரிந்த பிரேக்தான் நமக்கு வேண்டும். பிடிக்காத பிரேக்கைக் காட்டிலும், பிடித்த பிறகு விடாத பிரேக்கே நம் டிரெய்லர்களில் அதிகம்.

2 ஏப்ரல் 2023

ஈஸ்டருக்கு ஈல்டன் ஏரிக்குப் போகிறேன். டிரெய்லரை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன், இரண்டும் சுற்றின. இடது பக்கம் லேசாக உரசியது. கேபிளைக் கொஞ்சம் தளர்த்தினேன், சரியாகிவிட்டது.

11 ஏப்ரல் 2023

சரியாகவில்லை.

போகும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும் வழியில், திங்கட்கிழமை, நார்பெதாங்கிலிருந்து பிளாக் ஸ்பர் மலைப்பாதையில் ஏறி ஹீல்ஸ்வில் பக்கம் இறங்கினேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும்: இரண்டு பக்கமும் மௌண்டன் ஆஷ் மரங்கள் வானத்தை மறைக்கும், அடியில் மரப்பெரணி, வளைவுக்கு மேல் வளைவு, நிழலில் ஈரம் காயாத சாலை. நிறுத்த இடம் இல்லை. பாதி இறக்கத்தில் ஒரு வாடை. முன்னால் போன லாரியினுடையது என்று நினைத்தேன். லாரி திரும்பிப் போன பிறகும் வாடை போகவில்லை.

அடிவாரத்தில் ஃபெர்ன்ஷாவில் ஒதுக்கி நிறுத்தினேன். வலது ஹப்பில் புறங்கை வைக்க முடிந்தது. இடது பக்கம் கையைக் கிட்டக் கொண்டுபோகவே முடியவில்லை. பாட்டிலிலிருந்து இரண்டு துளி தெறித்தேன். தோசைக்கல்லில் தெளித்ததுபோலச் சுரீரென்று போனது. பின்னால் பத்து வயது மகள் உட்கார்ந்திருக்கிறாள், "ஏன்பா நிற்கிறோம்" என்கிறாள்.

ஒரு மணி நேரம் ஆறவிட்டு, இடது கேபிளைக் காலிப்பரிலிருந்து முழுதாகக் கழற்றி, 60-க்கு மேல் போகாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

12 ஏப்ரல் 2023

நேற்று பிரித்துப் பார்த்தேன். கேபிளின் பிளாஸ்டிக் உறைக்குள் துரு. வெளியே புதிது போல இருந்தது. உள்ளே இழைகள் வீங்கி உறையை அடைத்திருந்தன. கப்ளிங் இழுத்தால் கேபிள் வருகிறது, விட்டால் திரும்பிப் போவதில்லை. ஒருமுறை பிரேக் பிடித்த பிறகு இடது பக்கம் கால்வாசி பிடித்தபடியே ஓடியிருக்கிறது. இறக்கத்தில் கார் கியரில் அடங்கி இறங்கும்போது டிரெய்லர் விடாமல் முட்டிக்கொண்டே இருக்கும். ஓவர்ரைடு பிரேக் அத்தனை நேரமும் லேசாகப் பிடித்தபடியே இருக்கும். அது இயல்பு. அதன்மேல் விடாத கேபிளும் சேர்ந்தால் டிஸ்க் பழுக்கிறது. சூட்டில் ஹப்பின் கிரீஸ் உருகி நீர்போல் வெளியே வழிந்திருந்தது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் பேரிங் கடித்துச் சக்கரம் கழன்றிருக்கும்.

ஏப்ரல் 2-ஆம் தேதி "தளர்த்தினேன், சரியாகிவிட்டது" என்று எழுதினேனே, அதை யாரும் பின்பற்ற வேண்டாம். திரும்பிப் போகாத கேபிளைத் தளர்த்தினால் உரசல் அப்போதைக்கு நிற்கும், காரணம் அப்படியே இருக்கும். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. கப்ளிங்கை உள்ளே தள்ளிப் பிரேக் பிடிக்க வைத்து, விட்டு, அதன் பிறகு சுற்றிப் பார்க்க வேண்டும். நான் முதல் பாதியைச் செய்யவில்லை.

16 ஏப்ரல் 2023

மார்ச் 9-ஆம் தேதி "கேபிள் போடுங்கள்" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். "ஒழுக எதுவுமில்லை" என்று அதன் பெருமையாக எழுதியிருந்தேன். ஆயில் ஒழுகினால் தரையில் கறை தெரியும், சிலிண்டரில் அளவு குறையும். கேபிள் உள்ளுக்குள் அழுகினால் எதுவும் தெரியாது.

23 ஏப்ரல் 2023

முப்பது வருடமாகக் கேபிளோடு ஓட்டுகிற ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேபிளை மாற்றுகிறாராம், ஒருநாளும் சிக்கல் இல்லையாம். அவர் சொல்வது சரி. நான் ஏழு வருடம் மாற்றவே இல்லை. கேபிள் கெட்டது என்பதை விட, நான் அதை அழியும் பொருளாக எண்ணவில்லை என்பதே உண்மை. சமதளத்தில், நன்னீர் ஏரியில் மட்டும் படகு விடுபவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் ஒழுக்கம் உள்ளவர் என்றால் கேபிள் போதும். நான் வெஸ்டர்ன் போர்ட்டில் உப்பில் இறக்குகிறேன், பிறகு பிளாக் ஸ்பர் இறங்குகிறேன். எனக்கு அது பொருந்தவில்லை.

சமன் பற்றியும் அவரே நினைவூட்டினார். ஒரே இழுப்பு இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் பிரிய வேண்டும் என்றால் கேபிள் வகையில் நடுவில் சமன்பட்டை வேண்டும், அது துருப்பிடிக்காமல் ஆட வேண்டும். ஹைட்ராலிக்கில் அந்தக் கவலை இல்லை. அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பேட் தேய்ந்தாலும் பிஸ்டன் தானே முன்னால் வரும், ஸ்பேனர் எடுக்க வேண்டாம்.

20 மே 2023

வாங்கிவிட்டேன். ஹைட்ராலிக் ஓவர்ரைடு கப்ளிங், இரண்டு எவர்சில்வர் காலிப்பர், துத்தநாகம் பூசிய டிஸ்க், குழாய்கள். உதிரிபாகங்களுக்கு மட்டும் 870 டாலர். புது அச்சு தனி.

அச்சு ஏன் புதிது என்றால், காலிப்பரைத் தாங்கும் தட்டு அச்சின் மேல் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். பழைய அச்சில் நீங்களே பற்றவைக்க நினைக்காதீர்கள். சூட்டில் அச்சு வளைந்தால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்; பூச்சு எரிந்த இடத்தில் துரு முதலில் பிடிக்கும்; தட்டு கோணலாக நின்றால் காலிப்பர் டிஸ்க்கில் நேராக உட்காராது. தட்டோடு சேர்த்து முழுதாகத் துத்தநாகத்தில் தோய்த்த அச்சையே கேட்டு வாங்குங்கள்.

பழைய சக்கரம் பத்து அங்குலமாக இருந்தால் டிஸ்க்கும் காலிப்பரும் அதற்குள் அடங்காது. 13 அங்குலத்துக்கு மாற வேண்டியிருக்கும். வாங்கும் முன் அளந்துபாருங்கள்; அளக்காமல் வாங்கித் திருப்பிக் கொடுத்தவர்கள் இருவர் இங்கேயே எழுதியிருக்கிறார்கள்.

3 ஜூன் 2023

மகளும் நானும் இன்று பிரேக் ஆயில் ஏற்றிக் காற்று எடுத்தோம். இது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் கப்ளிங்கை நெம்பி உள்ளே தள்ள வேண்டும், மற்றவர் காலிப்பரின் நிப்பிளை, அதாவது காற்றும் ஆயிலும் வெளியேறும் சிறு திறப்பை, திறந்து மூட வேண்டும். "பிடி" என்றால் அவள் நெம்பிப் பிடிப்பாள், நான் திறப்பேன், குமிழியோடு ஆயில் வரும், மூடுவேன், "விடு" என்பேன். மூடுவதற்கு முன் விட்டால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். கப்ளிங்கிலிருந்து தூரமாக உள்ள சக்கரத்தில் தொடங்கினோம். முப்பது நாற்பது முறைக்குப் பிறகு குமிழி நின்றது, நெம்புகோல் கல்போல் இறுகியது. "இப்போ நகரவே இல்லைப்பா" என்று அவள் சொன்னதுதான் எனக்குச் சான்றிதழ்.

பிரேக் ஆயில் பற்றிக் கொஞ்சம். டாட் 3, டாட் 4 என்னும் தரங்கள் இரண்டும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுவதுபோல. புதிதாக இருக்கும்போது டாட் 3-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் ஏறிய பிறகு அவை 140-க்கும் 155-க்கும் இறங்கிவிடும். நீண்ட இறக்கத்தில் ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவியை அழுத்தலாம், அது பிரேக்கை அழுத்தாது. அதோடு அந்த ஈரம் சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றப்போகிறேன். கேபிள்காரர் கேபிளை மாற்றும் அதே கணக்குதான்.

17 செப்டம்பர் 2023

ரிவர்ஸ் பற்றிப் பலர் கேட்டார்கள். ரிவர்ஸில் கார் டிரெய்லரைத் தள்ளுகிறது. கப்ளிங்குக்கு அதுவும் டிரெய்லர் முன்னால் முட்டுவதும் ஒன்றுதான், பிரேக் பிடித்துவிடும். சமதளத்தில் அநேகமாகச் சமாளித்துவிடலாம். என் வீட்டு நுழைபாதை ஏற்றம். அங்கே டிரெய்லர் நகரவே மறுக்கும். அதற்காகக் கப்ளிங்கில் சிறிய பூட்டுத் தகடு இருக்கிறது. இறங்கிப் போய் அதைக் கவிழ்த்தால் சறுக்கல் தடைபடும், பிரேக் பிடிக்காது. முன்னால் இழுத்ததும் தானாக விலக வேண்டும். வேண்டும் என்பதைக் கவனியுங்கள். துரு ஏறினால் விலகாது. நீங்கள் பிரேக்கே இல்லாமல் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு முறையும் இறங்கிக் கண்ணால் பார்க்கிறேன்.

லண்டனில் இருக்கும் வாசகருக்கு: உங்கள் பக்கம் 750 கிலோ அல்லது காரின் எடையில் பாதி, இரண்டில் எது குறைவோ அதுவே பிரேக் இல்லாத டிரெய்லருக்கு எல்லை. அங்கே கிடைக்கும் டிரம்களில் சக்கரம் பின்னோக்கிச் சுற்றினால் பிரேக் தானே தளரும் அமைப்பு உள்ளே இருக்கிறது; பூட்டுத் தகடு வேண்டாம். ஆனால் டிரம், ஆகவே கழுவுவதற்கென்று நீர்க்குழாய் மாட்டும் துளை உள்ளதைக் கேளுங்கள். டொரான்டோ வாசகருக்கு: ஒன்டாரியோவில் 1,360 கிலோவிலிருந்து பிரேக் கட்டாயம். வட அமெரிக்காவில் ஹைட்ராலிக் டிஸ்க் கப்ளிங்குகளில் மின்வால்வு வைத்திருப்பார்கள். காரின் ரிவர்ஸ் விளக்குக்குப் போகும் மின்சாரம் ஐந்தாவது கம்பி வழியாக வந்து பிரேக்கை விடுவிக்கும். காரில் நான்கு கம்பி இணைப்பு மட்டும் இருந்தால் அது வேலை செய்யாது.

18 செப்டம்பர் 2023

டிரெய்லரை நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். மூன்று மாதத்தில் பேட் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

5 நவம்பர் 2023

வெஸ்டர்ன் போர்ட்டில், ஹேஸ்டிங்ஸில் இறக்கினோம். புது பிரேக்கோடு முதல் உப்புக் குளியல். சரிவுக்கு வந்ததும் நேராக நீருக்குள் விடவில்லை. சூடான ஹப்பைக் குளிர்ந்த நீரில் முக்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலைத் தாண்டி உப்புநீரை உள்ளே இழுக்கும். அப்படித்தான் பேரிங் சாகிறது. சூடான டிஸ்க்குக்கும் அந்தக் குளியல் நல்லதல்ல. பாய்மரத்தை நிமிர்த்திக் கம்பிகளை இழுத்துக் கட்ட எங்களுக்கு எப்படியும் நாற்பது நிமிடம் ஆகும். ஹப் அதற்குள் ஆறிவிடுகிறது. பாய்மரக்காரர்களுக்கு இந்தத் தாமதம் ஒரு கொடை. ஆகவே இறக்கும் முன் மேலே நிறுத்தியே பாய்மரத்தை நிமிர்த்துங்கள், தலைக்கு மேல் மின்கம்பி இல்லை என்று பார்த்துவிட்டு.

வீடு வந்ததும் மற்ற எதையும் தொடாமல் முதலில் குழாயைப் பிடித்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஐந்து நிமிடம். காலிப்பரின் பின்பக்கமும். எவர்சில்வர் காலிப்பர் என்று அசட்டையாக இருக்கக் கூடாது. அது துருப்பிடிக்காது, ஆனால் அதைத் தாங்கும், துத்தநாகம் பூசிய தட்டு அதனோடு உப்புநீரில் சேரும்போது முதலில் கரைவது துத்தநாகம்தான்.

28 ஜனவரி 2024

நீண்ட வார இறுதிக்கு மறுபடி ஈல்டன். திரும்பி வரும்போது பிளாக் ஸ்பர் உச்சியிலேயே கியரைக் குறைத்து, 60-க்குள் இறங்கினேன். சமவெளியில் வேகம் பற்றி ஒரு கணக்கு எப்போதும் என் மனதில் இருக்கிறது: 80-லிருந்து 100-க்குப் போனால் வேகம் கால் பங்குதான் கூடுகிறது, பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்குக்கும் மேல். இழுக்கும்போது 90-க்கு மேல் நான் இப்போது போவதில்லை.

ஃபெர்ன்ஷாவில் அதே இடத்தில் நிறுத்தினேன். இரண்டு ஹப்பிலும் புறங்கை வைத்தேன். இரண்டும் வெதுவெதுப்பு, ஒரே அளவு. மகளும் இறங்கி வந்து தொட்டுப் பார்த்தாள்.

கேள்வி கேட்டவர் நேற்று எடைமேடைச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். சக்கரங்களில் 870 கிலோ, கொக்கியில் 65. விற்றவர் சொன்ன 550-ஐ நினைத்துப் பாருங்கள். தகட்டில் 750 என்று இருக்கும் டிரெய்லர் அது. நல்லவேளை, பத்து மாதமாக, எடைமேடைக்குத் தவிர, அவர் அதை வீட்டைவிட்டு எடுக்கவில்லை. பிரேக் மாட்டிவிட்டால் தகடு தானாக மாறாது. சட்டகமும் ஸ்பிரிங் பட்டைகளும் அந்த எடையைத் தாங்குமா என்று தகுதியுள்ள ஒருவர் பார்த்து எண்ணை உயர்த்தித் தர வேண்டும். முதலில் அதை முடியுங்கள். அச்சு வந்த பிறகு எழுதுங்கள். ஆயில் ஏற்றும் நாளுக்கு இரண்டாவது ஆள் வேண்டுமே, நான் ஒரு சனிக்கிழமை வருகிறேன். நிப்பிளுக்கான ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. புதிய டாட் 4 ஒரு லிட்டர், மூடி திறக்காதது, நீங்கள் வாங்கி வையுங்கள்.